குளூட்டன் ஒத்துக்கொள்ளாமை முற்றினால் உயிருக்கு ஆபத்தான அலர்ஜியாகுமா?

கேள்வி: எனக்கு வயது 36. ஐந்தாறு வருடமாக பிரெட், பாஸ்தா என்று கோதுமையில் செய்த எதைச் சாப்பிட்டாலும் வயிறு உப்பிவிடும். சில நாள் பேதியாகும், மறுநாள் வரை அசதி இருக்கும். அங்கே இங்கே படித்துவிட்டு, கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம்தான் காரணம், இது 'குளூட்டன் ஒத்துக்கொள்ளாமை' என்று நானே முடிவு செய்து வீட்டில் கோதுமையைக் குறைத்துவிட்டேன். வெளியில் போனால் மட்டும் எப்போதாவது சாப்பிடுவேன். போன மாதம் ஒரு மதியம் பீட்சா இரண்டு துண்டு சாப்பிட்டேன். மாதவிலக்கு வலிக்காக ஓர் ஐபுப்ரோஃபென் மாத்திரையும் போட்டுக்கொண்டேன். ஒன்றரை மணி நேரம் கழித்து வழக்கம்போல் ஓடப் போனேன். பத்து நிமிடத்தில் உள்ளங்கை அரித்தது. உடம்பெல்லாம் தடித்து, முகம் வீங்கி, கண் இருட்டிக்கொண்டு விழுந்துவிட்டேன். மருத்துவமனையில் ஊசி போட்டு அன்று இரவே அனுப்பிவிட்டார்கள். பிறகு எடுத்த கோதுமை அலர்ஜி ரத்தப் பரிசோதனையில் 'இல்லை' என்று வந்திருக்கிறது. ஒத்துக்கொள்ளாமைதான் முற்றிப்போய் அலர்ஜியாகிவிட்டதா? குளூட்டனை முழுக்க விட்டுவிட்டால் போதுமா? தொண்ணூறு உணவுகளுக்கு ஒரே ரத்தப் பரிசோதனை இருக்கிறது என்கிறார்களே, அதை எடுக்கலாமா? எட்டு வயது மகனுக்கும் இப்போதே கோதுமையை நிறுத்திவிடட்டுமா?

பதில்: அன்புச் சகோதரி, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். தோலில் தடிப்பு, முகவீக்கம், ரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் எல்லாம் சில நிமிடங்களுக்குள் சேர்ந்து வந்திருக்கின்றன. இது அனாஃபிலாக்சிஸ், அதாவது உயிருக்கே ஆபத்தான கடும் அலர்ஜி எதிர்வினை. மறுபடியும் வரலாம். ஆகவே அலர்ஜி நிபுணர் ஒருவர் பார்த்து முடிவு சொல்லும்வரை கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்று தானியங்களையும் அறவே நிறுத்துங்கள். ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளைத் தொடாதீர்கள். ஓட்டத்தையும் இப்போதைக்கு நிறுத்திவையுங்கள். அட்ரினலின் ஊசி கைவசம் இல்லையென்றால், மற்ற பரிசோதனைகளுக்குக் காத்திருக்காமல் நாளைக்கே ஒரு மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் முதல் கேள்வி. ஒத்துக்கொள்ளாமை முற்றி அலர்ஜியாக மாறாது. இரண்டும் ஒரே நோயின் சிறிய வடிவமும் பெரிய வடிவமும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உடம்புக்குள் நடப்பது வேறு. அலர்ஜியில் கோதுமைப் புரதத்துக்கு எதிராக ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள் உருவாகி, தோலிலும் குடலிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள மாஸ்ட் செல்களின்மேல் ஒட்டிக் காத்திருக்கும். அந்தப் புரதம் ரத்தத்தில் வந்ததும் ஹிஸ்டமினும் மற்ற ரசாயனங்களும் ஒரே நேரத்தில் கொட்டப்படும். அதனால்தான் நிமிடங்களில் ஆள் சரிந்துவிடுகிறார். இரண்டாவது, சீலியாக் என்ற குடல் நோய். அதில் வேலை செய்வது எதிர்ப்பு சக்தியைச் சேர்ந்த டி செல்கள். அவை குளூட்டனால் தூண்டப்பட்டுச் சிறுகுடலின் உறிஞ்சிகளை மாதக்கணக்கில் அரித்துத் தேய்க்கின்றன. அதில் இரும்புச்சத்து குறையும், எலும்பு பலவீனமாகும், எடை இறங்கும். ஆனால் ஒரு வேளைச் சாப்பாட்டால் முகம் வீங்கி மூச்சடைக்காது. மூன்றாவது, சீலியாக்கும் இல்லாமல் அலர்ஜியும் இல்லாமல் கோதுமை சாப்பிட்டால் உப்புசமும் அசதியும் வருகிற நிலை. 'ஒத்துக்கொள்ளாமை' என்று மக்கள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். இதை உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. மற்ற இரண்டும் இல்லை என்று காட்டிய பிறகுதான் இந்தப் பெயரையே வைக்கவேண்டும்.

உங்கள் விஷயத்தில் அந்த வரிசை தலைகீழாகிவிட்டது. பெயரை முதலில் வைத்துவிட்டீர்கள், மற்ற இரண்டையும் யாரும் தேடவில்லை. இந்த நிலையோடு தொடர்புள்ள பெரிய ஆபத்தே இதுதான் என்பது என் கருத்து. 'எனக்குக் குளூட்டன் ஒத்துக்கொள்ளாது, கொஞ்சம் சாப்பிட்டால் வயிறு உப்பும், அவ்வளவுதான்' என்ற நம்பிக்கை, உண்மையான அலர்ஜி ஒன்று இருந்தால் அதை மறைத்துவிடும். அப்படிப்பட்டவர் எப்போதாவது கோதுமை சாப்பிடுவார், அட்ரினலின் வைத்திருக்க மாட்டார், கூட இருப்பவர்களுக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் மாத்திரையும் ஓட்டமும்தான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. கோதுமை, ஒன்றரை மணி நேர இடைவெளி, ஐபுப்ரோஃபென், மாதவிலக்கு, ஓட்டம். இந்தச் சேர்க்கைக்குப் பொருந்துகிற ஒரு நோய் இருக்கிறது: கோதுமை சாப்பிட்ட பின் உடற்பயிற்சியால் தூண்டப்படும் அனாஃபிலாக்சிஸ். பெரும்பாலும் வளர்ந்தவர்களுக்கு வரும். அதுவரை வருடக்கணக்கில் கோதுமை சாப்பிட்டுத் தொந்தரவே இல்லாதவர்களுக்கும் வரும். கோதுமை மட்டும் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, வெறும் வயிற்றில் ஓடினாலும் ஒன்றும் ஆகாது. இரண்டும் ஒன்று முதல் நான்கு மணி நேரத்துக்குள் சேர்ந்தால்தான் கோளாறு. இதில் எதிரி, குளூட்டனின் ஒரு பகுதியான ஒமேகா-5 கிளையடின் என்ற புரதம். பெயரைப் பார்த்தால் இதுவும் 'குளூட்டன் பிரச்சினை'தான். நோய் மட்டும் வேறு.

உடற்பயிற்சி செய்தாலும் ஆஸ்பிரின் வகை மாத்திரை போட்டாலும் குடல் சுவரின் ஊடுருவல் கூடுகிறது, சரியாகச் செரிக்காத கிளையடின் ரத்தத்துக்குள் அதிகமாகப் போகிறது. இந்த நோயாளிகளின் ரத்தத்தில் கிளையடினை அளந்தே இதைக் காட்டியிருக்கிறார்கள். மது, காய்ச்சல், தூக்கமின்மை, கடும் வெயில், மாதவிலக்கு நாட்கள் ஆகியவையும் எல்லையைக் கீழே இறக்கும். இவற்றில் இரண்டு மூன்று ஒரே நாளில் சேர்ந்தால், வழக்கமாகத் தாங்குகிற அளவே அன்று தாங்காமல் போகும். 'போன மாதமும் இதே கடையில் இதையே சாப்பிட்டேனே, ஒன்றும் ஆகவில்லையே' என்று நோயாளிகள் குழம்புவது இதனால்தான்.

'இல்லை' என்று வந்த ரத்தப் பரிசோதனையை வைத்து நிம்மதி அடையாதீர்கள். சாதாரண கோதுமை ஐஜிஇ பரிசோதனையில் பயன்படும் சாறில், தண்ணீரில் கரையும் கோதுமைப் புரதங்களே பெரும்பகுதி இருக்கும். கிளையடின்கள் தண்ணீரில் கரையாது, ஆல்கஹாலில்தான் கரையும். ஆகவே கிளையடினுக்கு மட்டும் அலர்ஜி உள்ளவருக்கு இந்தப் பரிசோதனை எளிதாகத் தவறிவிடும். தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனைக்கு விற்கப்படும் கோதுமைத் திரவத்திலும் இதே குறை உண்டு. எதிர்த்திசையிலும் தவறு நடக்கிறது: புல் மகரந்த அலர்ஜி உள்ளவர்களுக்கு, கோதுமையும் ஒரு புல் இனமே என்பதால், கோதுமையை நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் பரிசோதனை 'உண்டு' என்று காட்டும்.

நீங்கள் பெயர் சொல்லிக் கேட்கவேண்டிய பரிசோதனை, ஒமேகா-5 கிளையடின் ஐஜிஇ. இந்த நோய் உள்ள வளர்ந்தவர்களில் பெரும்பாலானோரிடம் இது தென்படும், எல்லோரிடமும் இல்லை. சிலருக்கு எதிரி குளூட்டனின் மறுபாதியான குளூட்டெனின். வேறு சிலருக்குக் கொழுப்பைக் கடத்தும் புரதம் ஒன்று, ட்ரை ஏ 14 என்று பெயர். அதனால் முதல் பரிசோதனை 'இல்லை' என்று வந்தாலும், உங்கள் நிகழ்வு இவ்வளவு தெளிவாக இருக்கும்போது நிபுணர் விட்டுவிட மாட்டார். குளூட்டன் ஐஜிஇ, ட்ரை ஏ 14, பச்சை மாவைக் கொண்டு தோல் பரிசோதனை என்று அடுத்தடுத்துப் பார்ப்பார். தோல் பரிசோதனைக்கு, நிகழ்வு நடந்து நான்கு முதல் ஆறு வாரம் ஆகியிருக்க வேண்டும். செட்ரிசின் போன்ற ஆன்டிஹிஸ்டமின் மாத்திரைகளை மருத்துவரிடம் சொல்லிவிட்டு ஒரு வாரம் நிறுத்தியிருக்கவும் வேண்டும். கடைசி வழி, மருத்துவமனையில் ரத்தக்குழாயில் ஊசி ஏற்றிவைத்துக்கொண்டு, கோதுமை கொடுத்து, தேவைப்பட்டால் ஆஸ்பிரினும் கொடுத்து, டிரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்ப்பது. அதிலும் எதிர்வினை வராமல் போகலாம், அப்படி வராததால் நோய் இல்லை என்றாகிவிடாது. வீட்டில் 'ஒரு துண்டு சாப்பிட்டுப் பார்ப்போம்' என்று சோதிக்கவே கூடாது.

கோதுமையின்மேல் என் சந்தேகம் பலமாக இருந்தாலும், வேறு குற்றவாளிகளையும் விலக்கியாக வேண்டும். ஐபுப்ரோஃபென் தனியாகவே இப்படிச் செய்யக்கூடியது. அந்த நிகழ்வுக்கு முன்பு, கோதுமை சாப்பிடாத நாட்களில் அதைப் போட்டு எதுவும் ஆகாமல் இருந்திருக்கிறதா என்று யோசித்துக் குறித்துவையுங்கள். பீட்சாவின் மேலே என்னென்ன இருந்தது, சாஸில் கொட்டை வகையோ கடுகோ செலரியோ இருந்ததா, கடல் உணவு இருந்ததா என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பலர் யோசிக்காத இன்னொன்று, மாவுப் பூச்சி. கண்ணுக்குத் தெரியாத உண்ணிகள், ஈரமும் வெப்பமும் உள்ள இடத்தில் திறந்து வைத்த மாவில் பெருகிவிடும். வீட்டுத்தூசி அலர்ஜி உள்ளவர்கள் அந்த மாவில் செய்ததைச் சாப்பிட்டால் அனாஃபிலாக்சிஸ் வரலாம். அந்தப் புரதம் அடுப்பில் வெந்தாலும் அழிவதில்லை. இவர்களில் பலருக்கு வலி மாத்திரைகளும் ஒத்துக்கொள்ளாது என்பதால் உங்கள் விஷயத்தில் இதையும் கேட்டுத்தான் ஆகவேண்டும். மருத்துவர் தூசி உண்ணிக்கும் ஐஜிஇ பார்க்கச் சொன்னால் காரணம் இதுவே. எப்படியிருந்தாலும் வீட்டில் உள்ள மாவு எதுவானாலும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள்.

ட்ரிப்டேஸ் என்று ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. மாஸ்ட் செல்கள் வெடித்தால் இது ரத்தத்தில் ஏறும். நிகழ்வு தொடங்கி ஒன்று, இரண்டு மணி நேரத்துக்குள் எடுத்தால் மிகவும் பயன்படும், நான்கு மணி நேரத்துக்கு மேல் போனால் பலன் குறைந்துவிடும். அன்று எடுத்தார்களா என்று டிஸ்சார்ஜ் அறிக்கையில் பாருங்கள். எடுக்காவிட்டாலும் இப்போது சாதாரண நாளில் ஒன்று எடுத்து வையுங்கள். உங்கள் சாதாரண அளவு 5 என்று வைத்துக்கொண்டால், அதை 1.2-ஆல் பெருக்கி 2 கூட்டினால் 8 வரும். ஒரு நிகழ்வின்போது 8 அல்லது அதற்கு மேல் போயிருந்தால் மாஸ்ட் செல்கள் வெடித்தன என்பதற்கு அது ஆதாரம். சாதாரண நாளிலேயே 20-ஐத் தாண்டினால் மாஸ்ட் செல் நோய் இருக்கிறதா என்று தேடவேண்டும். அந்த நோய் உள்ளவர்களுக்கு அலர்ஜி கடுமையாக வரக்கூடும்.

அறிக்கையைக் கையில் எடுக்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். 'ஊசி போட்டார்கள்' என்கிறீர்கள். எந்த ஊசி? அட்ரினலினா, அல்லது ஆன்டிஹிஸ்டமினும் ஸ்டீராய்டும் மட்டும்தானா? வந்தபோது ரத்த அழுத்தம் எவ்வளவு என்று எழுதியிருக்கிறார்கள்? தடிப்புகளை யாராவது போட்டோ எடுத்தார்களா? இவற்றோடு, அன்று எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு மாத்திரை, எத்தனை மணிக்கு முதல் அரிப்பு, முந்தின இரவு எவ்வளவு தூக்கம் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். நிபுணருக்கு எந்த ரத்தப் பரிசோதனையையும்விட இந்த ஒரு தாள் அதிகம் உதவும்.

சீலியாக்கைத் தேடுவதையும் விடக்கூடாது. ஐந்தாறு வருட உப்புசத்துக்கும் பேதிக்கும் அசதிக்கும் அது காரணமாக இருக்கலாம். மக்களில் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு அது உண்டு. சீலியாக்கைக் காட்டும் எதிர்ப்பொருளான டிடிஜி-ஐஜிஏ, அதோடு மொத்த ஐஜிஏ அளவு, இரண்டையும் ரத்தத்தில் சேர்த்துப் பார்க்கவேண்டும். சீலியாக் உள்ளவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு ஐஜிஏ இயற்கையிலேயே குறைவு. மொத்த அளவு பார்க்காமல் விட்டால் அவர்களுக்கெல்லாம் 'இல்லை' என்று பொய்யாக வரும். இதை இந்த வாரமே எடுத்துவிடுங்கள். கோதுமையை நிறுத்தியபின் நாளாக ஆக அந்த எதிர்ப்பொருள் குறைந்துகொண்டே போகும், பிறகு எடுத்தால் அர்த்தம் இருக்காது.

நீங்கள் ஏற்கனவே கோதுமையைக் குறைத்துவிட்டதால் இந்த வாரம் எடுப்பதும் 'இல்லை' என்று தவறாக வரலாம். வழக்கமாக இப்படிப்பட்டவர்களை வாரக்கணக்கில் தினமும் கோதுமை சாப்பிடச் சொல்லி மறுபடி பரிசோதிப்போம். உங்களுக்கு அது ஆகாது. இணையத்தில் 'பரிசோதனைக்கு முன் ஆறு வாரம் கோதுமை சாப்பிடுங்கள்' என்று இருப்பதைப் படித்துவிட்டு நீங்களாக ஆரம்பித்துவிடாதீர்கள். உங்களுக்கு வேறொரு வழி இருக்கிறது: எச்எல்ஏ டிக்யூ2, டிக்யூ8 மரபணுப் பரிசோதனை. என்ன சாப்பிட்டாலும் இதன் முடிவு மாறாது. இரண்டும் இல்லையென்றால் சீலியாக் கிட்டத்தட்ட இல்லை என்று கதவை மூடிவிடலாம். இருந்தால் நோய் இருக்கிறது என்று பொருள் கொள்ளக்கூடாது, மக்களில் மூன்றில் ஒரு பங்கு பேருக்கு மேல் இந்த மரபணு இருக்கிறது. அப்போது எண்டோஸ்கோப்பி செய்து சிறுகுடலின் முன்பகுதியில் நான்கைந்து இடங்களில் சதை எடுத்துப் பார்ப்பதா வேண்டாமா என்பதை, குடல் மருத்துவரும் அலர்ஜி நிபுணரும் சேர்ந்து முடிவு செய்யட்டும்.

முழங்கை, முழங்கால், பிட்டம் ஆகிய இடங்களில் இரு பக்கமும் ஒரே மாதிரி, கடுமையாக அரிக்கும் சிறு கொப்புளங்கள் எப்போதாவது வந்திருக்கிறதா? அதைப் பலர் அலர்ஜி என்று நினைத்து ஆன்டிஹிஸ்டமின் போட்டுக்கொண்டிருப்பார்கள். அது சீலியாக்கின் தோல் வடிவம். வந்திருந்தால் தோல் மருத்துவரிடம் கொப்புளத்தின் ஓரத்துச் சதையில் ஐஜிஏ பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் பழைய உப்புசத்துக்குக் குளூட்டனே காரணமாக இல்லாமலும் இருக்கலாம். கோதுமையில் ஃபிரக்டன் என்ற மாவுச்சத்து இருக்கிறது. குடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய் அங்கே புளித்து வாயுவாகும். 2018-ல் நார்வேயில், சீலியாக் இல்லாமல் தாங்களாகவே குளூட்டனை விட்டவர்கள் 59 பேருக்கு, எது எது என்று சொல்லாமல் குளூட்டனும் ஃபிரக்டனும் இரண்டும் இல்லாத வெறும் பண்டமும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். அதிகத் தொந்தரவு தந்தது ஃபிரக்டன்தான். வெங்காயம், பூண்டு சாப்பிட்டாலும் உங்களுக்கு இதே உப்புசம் வருகிறதா என்று கவனியுங்கள். வருகிறதென்றால் இந்தப் பக்கம் சந்தேகம் கூடும். இதனால் உயிருக்கு ஆபத்தில்லை. அனாஃபிலாக்சிஸுக்கும் இதற்கும் சம்பந்தமும் இல்லை.

அப்படியானால் இரண்டுக்கும் நடுவே தொடர்பே கிடையாதா என்றால், அப்படியும் அடித்துச் சொல்ல முடியாது. சீலியாக் உள்ளவருக்கே தனியாகக் கோதுமை அலர்ஜியும் இருக்க முடியும், ஒன்று இருந்தால் மற்றது இருக்காது என்பதில்லை. ஸ்வீடனில் நாடு முழுவதும் உள்ள பதிவேடுகளை வைத்து 2011-ல் வெளிவந்த ஆய்வில், சீலியாக் உள்ளவர்களுக்கு ஆஸ்துமா வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 1.6 மடங்கு இருந்தது. கட்டுக்குள் இல்லாத ஆஸ்துமா எந்த அனாஃபிலாக்சிஸையும் மோசமாக்கும் என்பதால் இதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. இரவில் இருமல், ஓடினால் வீசிங் இருந்தால் அதைத் தனியாகச் சொல்லிச் சிகிச்சை எடுங்கள்.

இன்னொரு தொடர்பு, உணவை நிறுத்துவதாலேயே வருவது. ஐஜிஇ ஏற்கனவே உருவாகியிருந்தும் தினமும் சாப்பிட்டுத் தாங்கிக்கொண்டிருக்கும் ஒருவர், அந்த உணவை நீண்டகாலம் விட்டுவிட்டுத் திடீரென்று சாப்பிட்டால் கடும் எதிர்வினை வருவதுண்டு. இது நன்றாகத் தெரியவந்திருப்பது எக்சிமா என்ற தோல் அழற்சி உள்ள குழந்தைகளிடம், அதுவும் பால், முட்டை விஷயத்தில். உங்களுக்கும் அப்படித்தான் நடந்தது என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனாலும் பரிசோதனையில்லாமல் ஒரு உணவை வருடக்கணக்கில் விடாதீர்கள் என்று நாங்கள் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தோல் வழியாகவும் உடம்பு கோதுமைக்குப் பழகாமல் பகைத்துக்கொள்ளும். ஜப்பானில் ஒரு முக சோப்பில் உடைக்கப்பட்ட கோதுமைப் புரதம் சேர்த்திருந்தார்கள். அதைப் பயன்படுத்தியவர்களில் 2,000-க்கும் மேற்பட்டோருக்குக் கோதுமை அலர்ஜி வந்தது, பலருக்குச் சாப்பிட்ட பின் உடற்பயிற்சியில் அனாஃபிலாக்சிஸ் வந்தது. முகத்துக்கும் தலைமுடிக்கும் போடும் பொருட்களின் பட்டியலில் 'ஹைட்ரலைஸ்டு வீட் புரோட்டீன்' என்று இருந்தால் நீங்கள் தவிர்த்துவிடுங்கள்.

குளூட்டனை முழுக்க விட்டால் போதுமா என்ற கேள்விக்கு வருகிறேன். போதாது. 'குளூட்டன் இல்லாதது' என்ற முத்திரை சீலியாக் நோயாளிகளை மனதில் வைத்து வந்தது. சர்வதேச உணவுத் தரத்தின்படி ஒரு கிலோவுக்கு 20 மி.கி. வரை குளூட்டன் இருந்தாலும் அந்த முத்திரையைக் குத்தலாம். குளூட்டன் நீக்கப்பட்ட கோதுமை ஸ்டார்ச்சை அதில் சேர்க்கவும் அனுமதி உண்டு. சீலியாக்குக்கு அது பாதுகாப்பானது. கோதுமை அலர்ஜி உள்ளவருக்கோ மிச்சமிருக்கும் மற்றக் கோதுமைப் புரதமும் கணக்கில் வரும். ஆகவே முன்பக்க முத்திரையோடு நிறுத்தாமல் பின்பக்கப் பட்டியலில் 'கோதுமை' என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். ரவை, டூரம், ஸ்பெல்ட், கமுட், புல்குர், கூஸ்கூஸ், டிரிட்டிகேல் எல்லாமே கோதுமை இனம், அல்லது கோதுமையிலிருந்து வந்தவை. சோயா சாஸ் பலவற்றில் கோதுமை உண்டு. பியரில் பார்லியும் சிலவற்றில் கோதுமையும் இருக்கும், மதுவும் சேர்ந்தால் இரட்டை ஆபத்து. பார்லியிலும் ரையிலும் உள்ள சில புரதங்கள் ஒமேகா-5 கிளையடினை ஒத்திருப்பதால்தான் அவற்றையும் இப்போதைக்கு நிறுத்தச் சொன்னேன்.

குளூட்டனுக்குப் பதிலாகச் சேர்க்கும் மாவுகளிலும் கண் வையுங்கள். குளூட்டன் இல்லாத பிரெட்டிலும் பிஸ்கட்டிலும் லூபின் மாவு, பக்வீட், பாதாம் மாவு, பட்டாணிப் புரதம் வரும். லூபின் ஒரு பயறு வகை, நிலக்கடலை அலர்ஜி உள்ளவர்களை அது தாக்கக்கூடும். பக்வீட் பெயரில் 'வீட்' இருந்தாலும் கோதுமை இனமே இல்லை, ஆனால் அதுவே அனாஃபிலாக்சிஸ் உண்டாக்கும். குளூட்டன் இல்லாத ஒன்றைச் சாப்பிட்டு உடம்பு தடித்தால் 'குளூட்டன் கலந்திருக்கும்' என்று முடிவு கட்டாமல் பாக்கெட்டைப் பத்திரமாக எடுத்துவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

நோய் உறுதியானால் வாழ்நாள் முழுக்க ஓடாமல் இருக்கவேண்டும் என்று பயப்படாதீர்கள். கோதுமையைச் சுத்தமாக விட்டவர்கள், மருத்துவர் அனுமதித்த பிறகு, வழக்கம்போல் ஓடலாம். கோதுமையைச் சாப்பிட்டே ஆகவேண்டும் என்பவர்களுக்கு, அதுவும் ஓய்வில் இருக்கும்போது தாங்குகிறது என்று நிரூபணமானவர்களுக்கு மட்டும், சாப்பிட்ட பின் நான்கு முதல் ஆறு மணி நேரம் உடற்பயிற்சி கூடாது என்று விதிக்கிறோம். அந்த நேரத்தில் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவது, படி ஏறுவது, நடனம் ஆகியவையும் உடற்பயிற்சிதான். கணக்குத் தவறுவது இந்த இடத்தில்தான் என்பதால் உங்களைப்போல் மயங்கி விழுந்தவருக்கு நான் முழுமையாக விடுவதையே சொல்வேன். மாதவிலக்கு வலிக்குப் பாராசிட்டமால் பெரும்பாலும் பாதுகாப்பானது, ஆனாலும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். ரத்த அழுத்தத்துக்கோ ஒற்றைத் தலைவலிக்கோ பீட்டா பிளாக்கர் எடுப்பவராக இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், அது அட்ரினலினை வேலை செய்யவிடாமல் தடுக்கும்.

அட்ரினலின் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உயிர் இதில்தான் இருக்கிறது. உங்கள் வயதில் ஒரு தடவைக்கு 0.3 முதல் 0.5 மி.கி., தொடையின் நடுவில் வெளிப்பக்கச் சதையில். தானாகக் குத்தும் பேனாவாக இருந்தால் உடைக்கு மேலேயே குத்தலாம், தடித்த தையலும் பாக்கெட்டில் உள்ள சாவியும் மட்டும் குறுக்கே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பேனா கிடைக்காத இடத்தில், ஒரு மில்லி லிட்டருக்கு 1 மி.கி. உள்ள ஆம்பியூலும் 1 மில்லி சிரிஞ்சும் கொடுத்து எவ்வளவு இழுப்பது என்று மருத்துவர் செய்துகாட்டுவார். அதை அவர் முன்னாலேயே இரண்டு மூன்று தடவை தண்ணீரில் பழகிக்கொள்ளுங்கள். தடிப்போடு மூச்சு முட்டுகிறது, குரல் கரகரக்கிறது, தலை சுற்றுகிறது, விடாமல் வாந்தி வருகிறது என்றால் யோசிக்கவே கூடாது, குத்திவிட வேண்டும். குத்தியது தேவையில்லாமல் போனாலும் கொஞ்ச நேரம் படபடப்பும் நடுக்கமும்தான் இருக்கும். ஐந்து நிமிடத்தில் தெளியவில்லையென்றால் இரண்டாவது. அதனால்தான் எப்போதும் இரண்டு கூடவே இருக்கவேண்டும்.

செட்ரிசின் போட்டுவிட்டுக் காத்திருப்பது உயிருக்கே உலையாகும். அது அரிப்பைக் குறைக்கும், அதற்கும் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். விழுந்துகொண்டிருக்கும் ரத்த அழுத்தத்தை அது தூக்காது, அடைக்கும் மூச்சுக்குழாயைத் திறக்காது.

குத்திய பிறகு படுத்துக்கொண்டு கால்களை உயர்த்தி வைக்கவேண்டும். மூச்சு முட்டினால் மட்டும் கால்களை நீட்டி உட்காரலாம். நினைவு தப்பினால் பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். எக்காரணம் கொண்டும் எழுந்து நிற்கவோ காருக்கு நடந்துபோகவோ கூடாது. ரத்தம் காலுக்கு இறங்கிவிட்ட நிலையில் சட்டென்று நிமிர்ந்தால் இதயத்துக்குத் திரும்ப ரத்தமே இல்லாமல் போய், அந்த நொடியிலேயே இதயம் நின்றவர்கள் உண்டு. ஆம்புலன்ஸ் உங்களிடம் வரட்டும். தெளிந்துவிட்டாலும் மருத்துவமனைக்குப் போயே தீரவேண்டும், சில மணி நேரம் கழித்து இரண்டாவது அலை வருவதுண்டு. மயக்கம் அளவுக்குப் போனவரைக் கொஞ்சம் கூடுதல் நேரம் வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஊசியைக் காரில் வெயிலிலோ ஃபிரிட்ஜிலோ வைக்காதீர்கள். மருந்து பழுப்பு நிறமாக மாறினாலும் தேதி முடிந்தாலும் மாற்றுங்கள்.

தொண்ணூறு உணவுப் பரிசோதனை வேண்டாம். அதில் பார்ப்பது ஐஜிஜி அல்லது ஐஜிஜி4 என்ற வேறு வகை எதிர்ப்பொருள், ஐஜிஇ இல்லை. ஒரு உணவுக்கு ஐஜிஜி இருக்கிறதென்றால் நீங்கள் அதைச் சாப்பிட்டிருக்கிறீர்கள், உடம்பு அதை ஏற்றுப் பழகியிருக்கிறது என்றுதான் பொருள். உணவு அலர்ஜியைக் கண்டறிய ஐஜிஜி4 பரிசோதனையைப் பயன்படுத்தக் கூடாது என்று ஐரோப்பிய அலர்ஜி மருத்துவர்களின் அமைப்பு 2008-லேயே எழுதிவிட்டது. அந்தத் தாளில் இருபது முப்பது உணவுகள் சிவப்பில் வரும். அவற்றையெல்லாம் விட்டு உடம்பு இளைத்து, கடைசியில் உண்மையான எதிரி பச்சைப் பகுதியில் இருந்துவிட்டால் என்ன செய்வது?

மகனுக்குக் கோதுமையை நிறுத்தாதீர்கள். உங்களுக்கு வந்திருப்பதாக நான் சந்தேகிக்கும் இந்த அலர்ஜிக்காக, தொந்தரவே இல்லாத குழந்தையைப் பரிசோதிக்கவோ பத்தியம் வைக்கவோ தேவையில்லை. சாப்பிட்டபின் விளையாடும்போது தடிப்போ இருமலோ வயிற்றுவலியோ வந்தால் மட்டும் காட்டுங்கள். ஒருவேளை உங்களுக்குச் சீலியாக் என்று உறுதியானால் கதை வேறு. சீலியாக் உள்ளவரின் பெற்றோர், உடன்பிறந்தவர்கள், பிள்ளைகளில் நூற்றுக்கு ஏழெட்டுப் பேருக்கு அது இருக்கிறது. எடை ஏறாமை, உயரம் நின்றுபோதல், சரியாகாத ரத்தசோகை ஆகியவை தவிர வேறு அறிகுறியே குழந்தையிடம் இல்லாமலும் இருக்கலாம். அப்போது அவனுக்கும் டிடிஜி-ஐஜிஏவும் மொத்த ஐஜிஏவும் எடுக்கவேண்டும். அந்த ரத்தம் எடுக்கும் நாள்வரை அவன் வழக்கம்போல் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும்.